பாயின்ட்டைக் கொடுத்து மிக்ஸி வாங்குகிறவர்களுக்கு

இந்த சீசனில் இது மூன்றாவது மிக்ஸி.

ஜூலை மாதம் எங்கள் ஆபீஸில் மூச்சு விட நேரம் இருக்காது. வருமானவரிக் கணக்குக்காக பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் கட்டிக் கொண்டு வருவார்கள். புரட்டும்போது என் கண் தானாக அந்த ஒரு வரிக்குப் போய்விடும்: ரிவார்டு பாயின்ட்டை (கார்டில் செலவழித்ததற்கு வங்கி தருவது) பொருளாக மாற்றிய கட்டணம் 99 ரூபாய், அதன் கீழே 18 சதவீத ஜிஎஸ்டி. “என்ன வாங்கினீங்க?” என்று கேட்டால், போன வாரம் வந்த டீச்சரம்மா சந்தோஷமாகச் சொன்னார்: “ஒரு மிக்ஸி, ஒரு டிராலி பேக். எல்லாம் சும்மா வந்ததுதானே சார்!”

அந்த ‘சும்மா’வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அவர் கொடுத்தது 24,000 பாயின்ட். அதே மிக்ஸியும் பேக்கும் கடையில் சேர்ந்தே 5,200 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஒரு பாயின்ட்டுக்கு 22 பைசாகூட வரவில்லை. கேட்டலாக்கில் போட்டிருந்த எம்ஆர்பியைப் பார்த்து எட்டாயிரம் ரூபாய்ப் பொருள் கிடைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எம்ஆர்பிக்கு யாராவது மிக்ஸி வாங்குவார்களா?

இன்னொரு பக்கத்தைத் திருப்பினேன். கல்யாணம் முடிந்து டெல்லியில் குடியேறிய மகளைப் பார்க்க அவரும் கணவரும் போய்வந்த விமான டிக்கெட், 26,400 ரூபாய். முழுக்கக் கைக்காசு. அவருடைய கார்டில் வங்கியின் சொந்தப் பயணத் தளம் வழியாக டிக்கெட் எடுத்தால் ஒரு பாயின்ட் 50 பைசா. கட்டணத்தில் பாதிவரை பாயின்ட்டாகக் கட்டலாம். அந்த 24,000 பாயின்ட்டும் 12,000 ரூபாயாகக் கழிந்திருக்கும். கடையில் 5,200 கொடுத்து மிக்ஸியும் பேக்கும் வாங்கியிருந்தாலும் கையில் 6,800 மிச்சம்.

சரி, இப்போது அந்த ‘சும்மா’வுக்கு வருகிறேன். அந்தப் பாயின்ட் எப்படி வந்தது? மகள் கல்யாணத்துக்கு 9 லட்சத்தைக் கார்டில் தேய்த்ததால் வந்தது. 150 ரூபாய்க்கு 4 பாயின்ட். கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 2,500, ஜிஎஸ்டியோடு 2,950. அது போகட்டும். மண்டபத்துக்காரர் கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் என்றிருக்கிறார். 4 லட்சத்துக்கு 8,000 ரூபாய். அந்த 4 லட்சத்தில் விழுந்தது பத்தாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பாயின்ட். மிக்ஸி கணக்கில் அதற்கு 2,300 ரூபாய். டிக்கெட் கணக்கில்கூட 5,300தான். 8,000 கொடுத்து 2,300 வாங்கியதற்குப் பெயர் சும்மாவா? கடைக்காரர் கார்டுக்குக் கூடுதலாகக் கேட்டாலும், ரொக்கத்துக்கோ யுபிஐக்கோ தள்ளுபடி தருகிறேன் என்றாலும், அங்கே கார்டை வெளியே எடுக்காதீர்கள். பாயின்ட் உங்கள் பணம்தான். வேறு சட்டை போட்டு வருகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போடுவது கஷ்டமில்லை. அதே பொருளைக் காசு கொடுத்து வாங்கினால் உண்மையில் என்ன விலையோ, அதைக் கேட்கிற பாயின்ட்டால் வகுங்கள். வருகிற பைசாவை மற்ற வழிகளோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் பொருளும், பில்லில் ரொக்கமாகக் கழிப்பதும் அடிமட்டத்தில் இருக்கும்; வவுச்சர் நடுவில்; பயணம் மேலே. கார்டுக்குக் கார்டு மாறும் என்பதால், கார்டு எடுத்தபோது தூக்கிப் போட்ட அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படியுங்கள். வங்கித் தளத்தில் டிக்கெட் எடுக்குமுன் விமான நிறுவனத்தின் தளத்திலும் ஒருமுறை விலை பாருங்கள். இங்கே ஆயிரம் கூடுதல் என்றால் உங்கள் 50 பைசா 50 பைசா இல்லை.

பாயின்ட்டை மைல்ஸாக, அதாவது விமான நிறுவனத்தின் சொந்தப் பாயின்ட்டாக, மாற்றுவது அடுத்த படி. இதில் லாபமும் பெரிது, அடியும் பெரிது. சென்னை–சிங்கப்பூர் டிக்கெட் 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைல்ஸில் எடுத்தால் 15,000 மைல்ஸ், கூடவே வரியும் கட்டணமுமாக 4,000 ரூபாய். மிச்சமானது 12,000தான், ஒரு மைலுக்கு 80 பைசா. ஆஹா என்று துள்ளாதீர்கள். உங்கள் கார்டில் இரண்டு பாயின்ட்டுக்கு ஒரு மைல் என்றால் பாயின்ட்டுக்கு 40 பைசா. வங்கித் தளத்தின் 50 பைசாவே மேல்!

யூடியூப் தம்பிகள் ‘பிசினஸ் கிளாஸில் ஒரு பாயின்ட் மூன்று ரூபாய்’ என்பார்கள். கணக்கு பொய்யில்லை. ஆனால் அந்த இருக்கையைக் காசு கொடுத்து நீங்கள் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டீர்கள். ஆசைக்குப் போகிறேன் என்றால் தாராளமாகப் போங்கள், சேமித்தேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

மாற்றிய மைல்ஸ் பொதுவாகத் திரும்பப் பாயின்ட்டாகாது. முதலில் அந்தத் தேதியில் மைல்ஸுக்கு இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள். மாற்றிவிட்டு இருக்கை தேடுகிறவர்கள்தான் என்னிடம் வந்து அழுகிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் க்ரிஸ்ஃப்ளையர் மைல்ஸுக்கு ஆயுள் மூன்று வருடம். எந்தப் பயணமும் மனதில் இல்லாமல் அங்கே கொண்டுபோய்க் கொட்டி வைப்பதில் என்ன பயன்?

சேர்த்து வைத்தால் பெருகும் என்ற நம்பிக்கை வேறு. இது பிக்சட் டெபாசிட் இல்லை சாமி, வட்டி கிடையாது; விதி மட்டும் மாறும். ஆக்சிஸ் மேக்னஸ் கார்டில் 5 பாயின்ட்டுக்கு 4 மைல்ஸ் என்றிருந்தது 2023 செப்டம்பரில் 5க்கு 2 ஆனது. ஒரே நாளில் பாதி. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதையே நிறுத்தியது. அதில் பறக்கலாம் என்று மைல்ஸ் சேர்த்தவர்களுக்கு விமானமே இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பாயின்ட்கள் ஒன்றுக்கு ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன, அது அதிர்ஷ்டம். ஒரு பயணத்துக்குத் தேவையானது சேர்ந்ததா, செலவழியுங்கள். கார்டை ரத்து செய்வதாக இருந்தால் அதற்கு முன்பே பாயின்ட்டைக் காலி செய்துவிடுங்கள்.

பில்லை முழுதாகக் கட்டாமல் ‘மினிமம்’ மட்டும் கட்டுகிறவர்கள் மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். மாதம் மூன்றரை சதவீத வட்டியை எந்தப் பாயின்ட்டும் ஈடுகட்டாது.

தொழில் கார்டு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டாளி நிறுவனச் செலவில் விழுந்த பாயின்ட்டில் ஒருவர் மட்டும் குடும்பத்தோடு பயணம் போய்வர, மற்றவர் என் மேஜை முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார். முதலிலேயே பேசி எழுதி வையுங்கள்.

இது ஒரு கெஞ்சல். ‘உங்கள் பாயின்ட் இன்று காலாவதி, இந்த ஆப்பை இறக்குங்கள்’ என்று வருகிற குறுஞ்செய்தியைத் தொடாதீர்கள். ஆப்பை நேரடியாக போனில் ஏற்றுகிற ஏபிகே கோப்பை அனுப்பி எந்த வங்கியும் பாயின்ட் தராது. தொட்டுப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள், பிறகு வங்கிக்கு. என்னைக் கூப்பிடுவது மூன்றாவதாக இருக்கட்டும்.

நேற்று இரவு டீச்சரம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். எலெக்ட்ரிக் கெட்டில், 3,600 பாயின்ட். “கடையில 700 ரூபா சார். நானே வகுத்துப் பார்த்தேன், 19 பைசாதான் வருது. விட்டுடறேன்.”