டிப்ரெஷன்: அழுத்தமா, சோர்வா, யோசினையா?

விசுவமடுப் பக்கம் எங்களுக்கு உறவான ஒரு பெரியம்மா இருக்கிறார். மாதத்தில் ஒருநாள் விடியவே பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போவார். அயலுக்குச் சொல்லிவைத்திருப்பது 'பிரஷர் கிளினிக்' என்று. கிளினிக் கொப்பி சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும். ஒருநாள் கொப்பியைப் பார்த்துவிட்டு, ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "என்ன பொய்? மிஸ்ஸி மன அழுத்தம் எண்டுதானே சொன்னவ. அழுத்தம் எண்டால் பிரஷர்தானே?" என்றார்.

அவரைப் பிழை சொல்ல முடியாது. சொல்லே அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. ஆங்கில டிப்ரெஷனுக்கு மூலம் லத்தீனின் 'டெப்ரிமெரே'. கீழே அழுத்துதல் என்று பொருள். அதனால்தான் அதே சொல் வானிலைக்கும் பொருளாதாரத்துக்கும் போயிருக்கிறது. முல்லைத்தீவுக் கரையில் கார்த்திகை மாதம் வானொலி சொல்லும் 'தாழமுக்கம்' அதுதான். 'பொருளாதார மந்தம்' என்பதும் அதுதான். இந்த இரண்டுக்கும் நாங்கள் வேறுவேறு நல்ல சொற்களைக் கண்டுபிடித்துவிட்டோம். மனத்துக்கு வந்தபோது மட்டும் லத்தீனை அப்படியே பெயர்த்து 'மன அழுத்தம்' ஆக்கினார்கள். போதாததற்கு ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே பெயர். பரீட்சைக்கு முதல்நாள் வரும் பதற்றமும், ஒருவரை மாதக்கணக்கில் பாயோடு கிடத்தும் நோயும் ஒரே பெயரில் நின்றால், 'எல்லாருக்கும் வாறதுதானே' என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம்.

சரியான சொல் மனச்சோர்வு. உளச்சோர்வு என்றாலும் குற்றமில்லை. 'சோர்' என்ற வினைக்குத் தளர்தல், வாடுதல், நழுவுதல், ஒழுகுதல் என்றெல்லாம் பொருள் உண்டு. கண்ணீர் சோர்கிறது, கட்டிய கூந்தல் சோர்கிறது, தண்ணீர் காணாத பயிர் சோர்கிறது. பிடியில் இருந்தது பிடியை விட்டுப் போவதுதான் எல்லாவற்றுக்கும் பொது. மேலிருந்து ஒரு பாரம் அழுத்துவதைவிட இதுவே நோய்க்குக் கிட்டவாக எனக்குப் படுகிறது. மருத்துவர்கள் பார்ப்பதும் அதைத்தான்: குறைந்தது இரண்டு கிழமையாக, நாளின் பெரும்பகுதி மனம் வாடிக் கிடப்பது அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, அதோடு நித்திரை, பசி, உடல் வலு, தன்மதிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழன்று போவது.

ஆனால் இந்தச் சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. சோர்வு என்றவுடன் எங்கள் ஆட்கள் ஒரு பிளேன்டீயும் இரண்டு பனடோலும் தருவார்கள்.

சரி, வன்னியில் மனிதர்கள் வாய் திறந்து சொல்லும் சொல் எது? 'யோசினை'. தமிழகத்தில் யோசனை என்றால் எண்ணம், கருத்து. நல்ல யோசனை என்று பாராட்டக்கூட அது உதவும். இங்கே யோசினை என்றால் கவலை, அதுவும் திரும்பத் திரும்ப ஒன்றையே அரைக்கும் கவலை. "அவ சரியான யோசினை" என்று ஒருத்தி சொன்னால், அந்த வீட்டில் யாரோ இரவில் நித்திரை கொள்வதில்லை என்று அர்த்தம். அதற்கு அடுத்தபடி உடம்பின் பாஷை: நெஞ்சுப் பாரம், கைகால் உளைவு, தலைக்குள் ஒரு இரைச்சல். 'மன உளைச்சல்' என்கிறோமே, அதுவும் இந்த உளைவும் ஒரே வேர்தான். மனம் நோவதை உடம்பு நோவது போலவே சொல்லிப் பழகிய மொழி இது. அதனால்தான் பலர் முதலில் போய் நிற்பது வெளிநோயாளர் பிரிவில், உளைவுக்கு மருந்து கேட்டு.

தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அசைவு என்பதற்கு, இருந்த நல்ல நிலை கெட்டு வருந்துதல் என்று உரை சொல்வார்கள். 2009இல் போரின் முடிவில் வட்டுவாகல் தாண்டிச் செட்டிகுளம் முகாம்களுக்குப் போன சனத்திடம் இந்த நான்கும் ஒன்றாக இருந்தன. அழுகை நோயல்ல. செத்தவீடு, எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று அழுது ஆறுவதற்கு எங்களிடம் படிகள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய்க்கு அந்தப் படிகளில் ஒன்றுமே இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மாரை நினைத்தால் விளங்கும். அவர்கள் கேட்பது மருந்தல்ல, பதில். அதே வேளை, அவர்களில் யாருக்காவது மருந்தும் தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெட்கத்தைக் கொண்டுவருவதும் ஒரு சொல்தான்: 'விசர்', அதாவது பைத்தியம். மனநல மருத்துவர் விசர் டொக்டர் ஆகிவிடுவார். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடை ஒரு ஊர் என்பதே மறந்து அது ஒரு வசவாகிவிட்டது.

'தற்கொலை'யையும் பார்த்துவிடுவோம். தன் + கொலை. கொலை இருப்பதால் குற்றவாளியும் இருந்தாக வேண்டும். இலங்கைச் சட்டமே 1998 வரை உயிர்மாய்க்க முயல்வதைக் குற்றமாகத்தான் வைத்திருந்தது. எங்கள் பத்திரிகைகள் 'தவறான முடிவெடுத்து' என்று எழுதுகின்றன. கொலை போய்விட்டது, ஆனால் பழி போகவில்லை. நோயின் பங்கும் மறைந்துவிடுகிறது. 'தற்கொலையால் இறந்தார்' என்று எழுதினால் போதும். அப்புறம் இன்னொன்று. "சாகவேணும் போல இருக்கோ?" என்று கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பயப்படுகிறார்கள். முளைக்காது. கேட்கலாம், பதிலை அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழுத்திக் கையில் கொடுக்கலாம்.

கவுன்சலிங்குக்கு ஈழத்தில் 'உளவளத்துணை' என்றும் 'ஆற்றுப்படுத்தல்' என்றும் வழங்குகிறோம். இரண்டாவதைப் பலர் ஆறுதல் என்று எடுக்கிறார்கள். அது ஆறு, அதாவது வழி. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வதுதானே ஆற்றுப்படை?

போன மாதம் பெரியம்மா பக்கத்து வளவுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். "பிரஷர் கிளினிக்குக்கோ பெரியம்மா?" என்றேன்.

"இல்லையடா, யோசினைக் கிளினிக்."