900 மதிப்பெண் வாங்கிய சாதுவான கட்டி

மாதவிடாய் நின்று பத்து வருடமான ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். வயிறு உப்பிக்கொண்டே போகிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஸ்கேனில் சினைப்பையில் கெட்டியான கட்டி, வயிற்றில் நீர். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலைச் சுற்றியும் நீர். சினைப்பைப் புற்றுநோயில் கூடக்கூடிய சிஏ-125 என்ற புரதம் ரத்தத்தில் 35க்குள் இருக்க வேண்டும்; இவருக்கு 100 காட்டுகிறது.

இங்கே மருத்துவர்கள் ஒரு பெருக்கல் போடுவார்கள். ஸ்கேனில் சந்தேகக் குறிகள் இரண்டோ கூடவோ இருந்தால் 3. மாதவிடாய் நின்றவர் என்றால் இன்னொரு 3. அதோடு சிஏ-125 அளவு. ஆக, 3 × 3 × 100 = 900. 200ஐத் தாண்டினாலே புற்றுநோய் சிகிச்சைக் குழுவிடம் அனுப்புவது வழக்கம். அனுப்பவும் வேண்டும். ஆனால் இதே 900ஐ, சினைப்பையில் வரும் ஃபைப்ரோமா என்ற சாதுவான, புற்றுநோயல்லாத நார்க்கட்டியும் வாங்கிவிடும்.

பெரிய ஃபைப்ரோமாக்கள் சிலவற்றில் வயிற்றில் நீர் கோக்கும். அது உதரவிதானத்தைக் கடந்து மார்புக்கும் ஏறும். நீர் கோத்த உறுத்தலில் வயிற்றின் உட்சவ்வே சிஏ-125ஐச் சுரக்கும். 1937இல் அமெரிக்க மருத்துவர் ஜோ மெக்ஸ் சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து இப்படிப்பட்ட ஏழு பேரைப் பற்றி எழுதினார். இன்று அது மெக்ஸ் சிண்ட்ரோம்.

அப்புறம் எப்படித்தான் பிரித்தறிவது? அல்ட்ராசவுண்டில் நார்த்திசு ஒலியை விழுங்கிவிடுவதால் கட்டிக்குப் பின்னால் பட்டை பட்டையாக நிழல் விழும். கர்ப்பப்பையிலிருந்து காம்போடு தொங்கும் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டியும் அச்சு அசல் இப்படியே தெரியும் என்பதுதான் சிக்கல். சினைப்பை தனியாகத் தெரிந்தால் குழப்பம் தீரும். இந்த வயதில் அது சுருங்கிப்போய்க் கண்ணில் படுவதே கஷ்டம்.

எம்ஆர்ஐ இன்னும் உதவும். அதில் டி2 என்ற வகைப் படத்தில் நீர் வெளுப்பாகவும் நார் கருப்பாகவும் வரும். நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தைக் காட்டும் இன்னொரு படமும் உண்டு. புற்றுநோயில் செல்கள் நெருக்கியடித்து நிற்பதால் நீர் நகர இடமின்றி அந்தப் பகுதி பளிச்சிடும். கட்டியின் கெட்டிப் பகுதி இரண்டு படத்திலும் கருப்பென்றால், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு அரைக்கும் கீழே. ஃபைப்ரோமாவுக்குள்ளேயே நீர் கோத்திருந்தால் மட்டும் டி2 படம் வெளுத்துக் குழப்பும்.

ஃபைப்ரோமாவின் உறவுக்காரக் கட்டியான தீகோமா, கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். அதனால் நின்றுபோன உதிரப்போக்கு திரும்ப வந்தால் அந்த உட்சவ்வையும் சோதித்தாக வேண்டும்.

கடைசித் தீர்ப்பு நுண்ணோக்கியில்தான். கட்டியை உடையாமல் எடுத்து, ஒரு துண்டை உறையவைத்துச் சீவிப் பார்க்கிறார்கள். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே பதில் வந்துவிடும். ஃபைப்ரோமா என்றால் நிணநீர் முடிச்சுகளை எடுக்க வேண்டியதில்லை. கட்டி போனதும் மார்பிலும் வயிற்றிலும் இருந்த நீர் தானாக வற்றிவிடும்.