கம்பாட்டிபிலிட்டி: பொருத்தமா, இணக்கமா?

திருச்சியிலிருந்து சித்தி எங்கள் ஈசூன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே போன் சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சுவரிலும் நுழைய மாட்டேன் என்கிறதே என்று நின்றார். ஊரில் உருண்டை முனை, சிங்கப்பூரில் சப்பையாக மூன்று முனை. மின்சாரம் இரண்டு இடத்திலும் அதே 230 வோல்ட்தான், துளைதான் வேறு. ஒரு அடாப்டர் வாங்கியதும் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு மென்பொருளில் புது வசதி சேர்க்க மாட்டும் சிறு நிரலுக்கு 'பிளகின்' என்கிறார்களே, அந்தப் பெயரே இந்தச் செருகும் வேலையிலிருந்து வந்ததுதான். 'பிளக்' டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்கு அடைப்பான், தக்கை என்றுதான் பொருள், மின்சாரமெல்லாம் பிறகு. தமிழில் இதைச் செருகுநிரல் என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல். கொண்டையில் பூச் செருகுவோம், இடுப்பில் முந்தானையைச் செருகுவோம். செருகியதை உருவி எடுத்தாலும் கொண்டை கலையாது, செருகுநிரலுக்கும் அதுதான் இலக்கணம். 'நிரல்' என்றால் வரிசை. நிரல்நிறை என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சிலர் 'நீட்சி' என்கிறார்கள், அதை உலாவி எக்ஸ்டென்ஷனுக்கு விட்டுவிடலாம்.

சரி, தலைப்பில் உள்ள சிக்கலான சொல்லுக்கு வருகிறேன்: கம்பாட்டிபிலிட்டி, அதாவது ஒன்று இன்னொன்றோடு சேர்ந்து பழுதில்லாமல் இயங்குவது. இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2003இல் வெளிவந்தது, அடுத்த ஆண்டே 1.2 பதிப்பில் செருகுநிரலுக்கு வழி செய்தார்கள். தளம் ஓடும்போது சில இடங்களில் நின்று "இங்கே யாருக்காவது வேலை இருக்கிறதா?" என்று கேட்கும், அந்த இடங்களுக்குக் கொக்கி என்று பெயர், நம் நிரல் அதில் தன் வேலையை மாட்டிவிடும். சுவரில் உள்ள துளை பல வருடம் மாறாது. இங்கே தளமும் மாறும், அதற்கு அடியில் ஓடும் பிஎச்பி என்ற நிரல்மொழியும் மாறும்.

எங்கள் சங்கத்தின் தளத்துக்குத் தமிழ்த் தேதி காட்டும் செருகுநிரலை 2016இல் எழுதினேன். அதில் 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருந்தேன். 2017இல் வந்த பிஎச்பி 7.2 அதைக் கைவிடச் சொல்லி எச்சரித்தது, 2020 நவம்பரில் வந்த 8.0 அதை எடுத்தே விட்டது. நான் எச்சரிக்கையைப் படிக்கவில்லை. ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சர்வர் பிஎச்பி 8க்கு மாறியது, தளம் முழுக்க வெள்ளைப் பக்கம். நிகழ்ச்சி நிரலைத் தேடி வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

இதற்குப் பெயர் கம்பாட்டிபிலிட்டி இல்லாமை. தமிழில் என்ன சொல்வது? 'ஒத்திசைவு' என்று எழுதுவோர் உண்டு, ஆனால் போனில் 'சிங்க்' செய்வதற்கு அந்தச் சொல் போய்விட்டது, இரண்டும் குழம்பும். 'பொருத்தம்' சித்தியின் சார்ஜருக்குச் சரி. பொருத்தம் என்பது கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை பார்ப்பது. பத்தும் பொருந்தினாலும் அதற்குப் பிறகு நாற்பது வருடம் வேண்டியிருப்பது இணக்கம். செருகுநிரலுக்கும் தளத்துக்கும் அதுதான் வேண்டும். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரைப் பார்த்தாலும் 'சேர்ந்து தாங்கிக்கொள்வது' என்றுதான் வருகிறது, பொருந்துவது என்று அல்ல.

அப்புறம், இது புதிதாக உருவாக்கிய சொல்லும் இல்லை. "இணக்கம் அறிந்து இணங்கு" என்று ஆத்திசூடியில் ஔவையார் சொன்னதை நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே படித்தவர்கள்தான். புதுப்பதிப்பு வரும்போது செய்ய வேண்டியதும் அதே வரிசையில்தான்: முதலில் ஒரு நகல் தளத்தில் போட்டுப் பார்த்து, பிழைப்பதிவைத் திறந்து, எந்தக் கட்டளை கைவிடப்பட்டது என்று அறிவது, பிறகு நிரலைத் திருத்துவது. செருகுநிரலோடு வரும் 'ரீட்மி' என்ற விளக்கக் கோப்பில் எந்தப் பதிப்பு வரை சோதித்தது என்று ஒரு வரி இருக்கும், சிலர் அந்த எண்ணை மட்டும் மாற்றிவிட்டுப் புதுப்பித்துவிட்டோம் என்கிறார்கள். அது புதுப்பிப்பு அல்ல, பயனரிடம் சொல்லும் பொய்.

ஆகவே நான் எழுதும் விதம் இது: 'இந்தச் செருகுநிரல் பிஎச்பி 8க்கு இணங்கும்', 'பழைய பதிப்புக்கு இணங்காது', 'பின்னோக்கு இணக்கம் உண்டு'. பிளக் முனைக்கும் துளைக்கும் மட்டும் பொருத்தம்.