லிவிங் வில்லுக்கு ‘வாழும் உயில்’னு சொல்றத நிறுத்துங்கப்பா

நோவுல பேச முடியாமப் போனா என்ன சிகிச்சை வேணும், எது வேணாம்னு முன்னாடியே எழுதி வைக்கறதுதான் லிவிங் வில், அத டிவியில வாழும் உயில்ங்கறாங்க. உயில்ங்கற வார்த்தையில எனக்குச் சண்டை இல்ல, அது இங்கிலீஷ் வில்தான், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியே அப்படித்தான் சொல்லுது. உயிர்ல இருந்து வந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல சுத்துறத விட்டுத் தள்ளுங்க. வில்னே எழுதியிருந்தா அம்பு விடற வில்லா, நெலத்த வில்லுன்னு சொல்ற வில்லான்னு முழிச்சிருப்போம், உயில்னு நம்ம வாய்க்கு வளைச்சது நல்லதாப் போச்சு. தனித்தமிழ்க்காரங்க விருப்புறுதி ஆவணம்ங்கறாங்க, இலங்கையில மரண சாசனம்னு எழுதுவாங்க. எனக்கு உயிலே போதும்.

என் சண்டை இந்த வாழும் உயிலோடதான், டிவியில கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. தமிழ்ல வாழும்னா பின்னாடி வர்றதுதான் வாழணும். வாழும் தெய்வம்னா தெய்வம் வாழுது, சரி. வாழும் உயில்னா உயில் எங்க வாடகைக்கு இருக்கு, எங்க கடலூர் மஞ்சக்குப்பத்துலயா? 1969ல லூயிஸ் குட்னர்னு ஒரு அமெரிக்க வக்கீல் கொண்டு வந்த பேருதான் லிவிங் வில். சாதா உயில் ஆள் போனப்புறம் பேசும், இது ஆள் படுக்கையில உயிரோட இருக்கறப்பவே பேசும். இதுல வீடு, நகை எதுவும் கிடையாது, பொழைக்க வழியே இல்லன்னு ஆனப்புறம் வென்டிலேட்டர் வைக்கலாமா வேணாமாங்கறதுதான் விஷயம்.

ஆனா வாழும் உயில்னு கேட்டா ஜனங்களுக்கு என்ன புரியுது? எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் பத்திரம் எழுதறவர்கிட்ட போய் ‘வாழும் உயில் எழுதணும்’னு கேட்டிருக்காரு. அவரு ‘உயிரோட இருக்கறப்பவே எழுதிக் குடுக்கறதா, அப்ப செட்டில்மென்ட்தானேய்யா, மூலப்பத்திரமும் வீட்டு வரி ரசீதும் கொண்டாங்க’ன்னுட்டாரு. நல்லவேளை மருமக கேட்டு நிறுத்துச்சு. உயில எத்தன தடவ வேணா மாத்தி எழுதலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும், செட்டில்மென்ட்ல கையெழுத்து போட்டுப் பதிஞ்சா சொத்து அன்னிக்கே கைமாறிடும், அப்புறம் திருப்பி வாங்கக் கோர்ட்டு கேஸுன்னு அலையணும்.

மத்த மொழிபெயர்ப்புலாம் மட்டும் என்ன வாழுது? முன்கூட்டிய மருத்துவ உத்தரவுன்னு ஒண்ணு. உத்தரவு போட்டது யாரு, டாக்டரா கலெக்டரா? கருணைக்கொலை உயில்னு தலைப்பு வைக்கறவங்கள சும்மாவே விடக்கூடாது, கொலைங்கற வார்த்தையப் பாத்துட்டு எந்தப் புள்ள அப்பாவ கையெழுத்து போட விடும்? பக்கத்துல பாண்டிச்சேரி ஆண்ட பிரெஞ்சுக்காரன் சட்டத்துல இதுக்கு உயில்ங்கற பேரே கிடையாது, முன்னாடியே சொல்லி வைக்கறதுங்கற அர்த்தத்துலதான் பேரு வச்சிருக்கான்.

சிகிச்சை முன்விருப்பம்னு சொல்லுங்களேன். சிகிச்சை வடமொழிதான், இருக்கட்டும், பாட்டிக்கும் புரியும். விருப்பம்னா சட்டத்துல நிக்காதுன்னு ஒரு வக்கீல் நண்பர் சொல்றாரு, விருப்ப ஓய்வுன்னு சொல்லிட்டு எத்தன பேர் வேலைய விட்டு வர்றாங்க, அது மட்டும் எப்படி நிக்குதாம்?

பேருதான் குழப்பம், காரியம் அவ்வளவு கஷ்டமில்ல. 2018 மார்ச் 9ல சுப்ரீம் கோர்ட் இத ஒத்துக்கிச்சு, அப்ப மாஜிஸ்திரேட் முன்னாடி கையெழுத்து வாங்கணும்னு இருந்துச்சு, 2023 ஜனவரியில அதத் தளர்த்தி ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் போதும்னுட்டாங்க. நமக்குப் பேச முடியாமப் போனா யாரு முடிவு சொல்லணும்னு பேரும் அதுல எழுதணும். நோட்டரிகிட்ட போறப்ப மட்டும் ‘உயில்’னு வாயத் தொறந்துடாதீங்க, சொத்து விவரம் எங்கன்னு கேப்பாரு.