வேதிச் சமன்பாடு: முன்னால் நிற்கும் எண்ணை மட்டும் மாற்றுங்கள்

ஹைட்ரஜன் ஆக்சிஜனில் எரிந்தால் நீர் உண்டாகிறது. இதைச் சமன்பாடாக எழுதியதும் ஒரு சிக்கல் தெரியும். இடப்பக்கம் ஆக்சிஜன் மூலக்கூறில் 2 ஆக்சிஜன் அணுக்கள். வலப்பக்கம் நீர் மூலக்கூறில் ஒன்றுதான். இன்னோர் அணு எங்கே? வேதிவினையில் பிணைப்புகள் முறியும், புதியவை உருவாகும், அணுக்கள் அழிவதில்லை. வினைக்கு முன்னும் பின்னும் கவனமாக நிறுத்துப் பார்த்து இந்தப் பொருண்மை அழியா விதியை நிலைநாட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். 1789இல் வெளிவந்த தம் நூலில் அதைத் தெளிவாக எழுதியும் வைத்தார். சமன்பாட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

நீரின் வாய்ப்பாட்டில் (H₂O) ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டால் கணக்கு உடனே சரியாகிவிடும். புதிதாகப் படிப்பவர்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் 2 போட்ட அந்த நொடியில் அது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. கீழ்க்குறியைத் தொட்டால் பொருளே மாறிவிடும். நாம் மாற்றலாகாத எண் அது. மாற்றக்கூடியது வாய்ப்பாட்டுக்கு முன்னால் நிற்கும் கெழு ஒன்றுதான். எத்தனை மூலக்கூறுகள் என்பதை அது சொல்கிறது.

2 ஹைட்ரஜன் + ஆக்சிஜன் → 2 நீர்

இப்போது இரு பக்கமும் 4 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள்.

இன்னும் சற்றுப் பெரிய சமன்பாடாக, புரோப்பேன் எரிவதைப் பார்ப்போம். அதன் மூலக்கூறில் 3 கார்பன், 8 ஹைட்ரஜன் அணுக்கள். போதிய ஆக்சிஜன் இருந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீரும் கிடைக்கும். கார்பனிலிருந்து தொடங்குங்கள். இடப்பக்கம் 3 கார்பன். ஆகவே கார்பன் டை ஆக்சைடுக்கு முன்னால் 3. அடுத்து ஹைட்ரஜன்: இடப்பக்கம் 8, ஒரு நீர் மூலக்கூறில் 2, ஆகவே நீருக்கு முன்னால் 4. கடைசியாக வலப்பக்க ஆக்சிஜனை எண்ணுங்கள். கார்பன் டை ஆக்சைடில் 6, நீரில் 4, மொத்தம் 10. அதற்கு 5 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும்.

புரோப்பேன் + 5 ஆக்சிஜன் → 3 கார்பன் டை ஆக்சைடு + 4 நீர்

நிறையைக் கூட்டியும் சரிபார்க்கலாம். ஒவ்வொரு பொருளின் மூலக்கூறு நிறையையும் அதன் கெழுவால் பெருக்கினால் இடப்பக்கம் 44 + 160 கிராம், வலப்பக்கம் 132 + 72 கிராம், இரண்டும் 204. இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, அதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஆக்சிஜனைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. வலப்பக்கம் அது இரண்டு சேர்மங்களில் இருக்கிறது. முதலிலேயே அதைச் சரிசெய்தால், கார்பனுக்கோ ஹைட்ரஜனுக்கோ கெழு போடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கு கலையும். இடப்பக்கமோ ஆக்சிஜன் தனிமமாகத் தனியே நிற்கிறது. அங்கே அதன் கெழுவை எவ்வளவு மாற்றினாலும் வேறு எந்தத் தனிமத்தின் எண்ணிக்கையும் மாறாது. எனவே சிக்கலான சேர்மத்தில் தொடங்குங்கள், தனித்து நிற்கும் தனிமத்தில் முடியுங்கள்.

பியூட்டேனுக்கு (4 கார்பன், 10 ஹைட்ரஜன்) இதே வழியில் போனால் வலப்பக்க ஆக்சிஜன் 13 என்று வரும், அதாவது 6½ மூலக்கூறுகள். ஒற்றைப்படை எண்ணைக் கண்டதும் பலர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். அது தேவையே இல்லை. அரையை அப்படியே எழுதிவிட்டு, எல்லாக் கெழுக்களையும் இரண்டால் பெருக்குங்கள்: 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர்.

அடைப்புக்குறி உள்ள வாய்ப்பாடுகளில்தான் எண்ணிக்கை அதிகம் பிசகுகிறது. அலுமினியம் சல்பேட்டில் 2 அலுமினிய அணுக்களும் 3 சல்பேட் தொகுதிகளும் (ஒவ்வொன்றிலும் 1 கந்தகம், 4 ஆக்சிஜன்) உள்ளன. முன்னால் 2 போட்டால் அது எல்லாவற்றையும் பெருக்கும்: 4 அலுமினியம், 6 கந்தகம், 24 ஆக்சிஜன். முதல் தனிமத்தை மட்டும் பெருக்கிவிட்டு நகர்வதுதான் வழக்கமான தவறு. சல்பேட் இரு பக்கமும் உடையாமல் இருந்தால் அதை ஒரே அலகாக எண்ணலாம், வேலை பாதியாகும். ஆனால் தாமிரம் நீர்த்த நைட்ரிக் அமிலத்துடன் வினைபுரியும்போது இந்தக் குறுக்குவழி உதவாது. 3 தாமிரத்துக்கு 8 நைட்ரிக் அமிலம் தேவை. அந்த 8 நைட்ரேட்டுகளில் 6 தாமிர நைட்ரேட்டில் அப்படியே இருக்கும், 2 உடைந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவாகும். இங்கே நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியாகத்தான் எண்ண வேண்டும்.

எண்ணத் தொடங்கும் முன்பே வாய்ப்பாடுகளைச் சரிபாருங்கள். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய 7 தனிமங்களும் தனித்து இருக்கும்போது ஈரணு மூலக்கூறுகள். சேர்மங்களுக்கு இணைதிறனை, அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்புகளை ஏற்கும் என்பதை, பாருங்கள். கால்சியம் குளோரைடில் 2 குளோரினுக்குப் பதில் ஒரே ஒரு குளோரின் என்று தவறாக எழுதினாலும் சமன்பாடு ஒரு குறையும் இல்லாமல் சமன்படும்! சமன்பட்டுவிட்டது என்பதால் வாய்ப்பாடு சரி என்று ஆகிவிடாது.

அயனிகள், அதாவது மின்சுமை உள்ள அணுக்கள் அல்லது அணுத் தொகுதிகள், வந்தால் மின்சுமையும் பொருந்த வேண்டும். தாமிரம் வெள்ளி அயனியை இடம்பெயர்க்கும் வினையில் ஒரு தாமிரம், ஒரு வெள்ளி என்று எழுதினால் அணுக்கள் சரியாகவே இருக்கும். ஆனால் இடப்பக்கம் +1, வலப்பக்கம் +2. வெள்ளியை இரண்டாக்கினால்தான் இரு பக்கமும் +2 ஆகும்.

அணுக்களும் மின்சுமையும் பொருந்தியும் தவறாக இருக்கும் சமன்பாடுகளும் உண்டு. கந்தக அமிலக் கரைசலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் ஹைட்ரஜன் பெராக்சைடு வினைபுரிவது அப்படிப்பட்டது. 2 பெர்மாங்கனேட், 3 அமிலம், 1 பெராக்சைடு எடுத்து, 4 நீரும் 3 ஆக்சிஜனும் வருவதாக எழுதினால் அணுக் கணக்கு நேராக இருக்கும். 5 பெராக்சைடு எடுத்து 8 நீர், 5 ஆக்சிஜன் என்று எழுதினாலும் நேராகவே இருக்கும். இரண்டிலும் பொட்டாசியம் சல்பேட் 1, மாங்கனீசு சல்பேட் 2. எது சரி என்பதை எலக்ட்ரான்களை எண்ணித்தான் தீர்மானிக்க முடியும். ஒவ்வொரு மாங்கனீசும் ஆக்சிஜனேற்ற எண் (எலக்ட்ரான் கணக்குக்காக அணுவுக்குத் தரும் எண்) +7இலிருந்து +2க்கு இறங்க 5 எலக்ட்ரான்களைப் பெறுகிறது, இரண்டுக்கு 10. ஒரு பெராக்சைடு மூலக்கூறு ஆக்சிஜனாக மாறும்போது தருவது 2 எலக்ட்ரான்கள். ஆகவே 5 பெராக்சைடு வேண்டும்.