65 குதிரைத்திறனில் 343 கிலோமீட்டர்

கூட்டரசு நெடுஞ்சாலையில் நள்ளிரவுக்கு மேல் கப்சாய் மோட்டார் சைக்கிளை விரட்டும் மாட் ரெம்பிட் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். சீட்டில் குப்புறப் படுத்து, காலைப் பின்னால் நீட்டிக்கொண்டு பறப்பார்கள். உயிருக்கு உலை வைக்கும் வேலைதான், ஆனால் அதிலுள்ள இயற்பியல் சரியானது. எஞ்சினில் கை வைக்காமலேயே வேகம் கூடுகிறது, ஏனென்றால் காற்றில் மோதும் பரப்பு குறைந்துவிடுகிறது. குட்டி விமானப் பந்தயத்தில் ஜெயிப்பவர்களும் பெரும்பாலும் இதையேதான் செய்கிறார்கள், கொஞ்சம் புத்திசாலித்தனமாக.

முதலில் கணக்கு. விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அந்த இழுவையை எதிர்த்துப் பறக்கத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்பதற்கு ஏற்ப ஏறும். 200 கிலோமீட்டரில் போகும் விமானத்தை 220க்குக் கொண்டுபோக 33 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். எஞ்சின் திறனை அப்படியே இரண்டு மடங்காக்கினாலும் வேகம் 26 விழுக்காடுதான் கூடும்.

இதை வைத்துப் பலர் "எஞ்சின் வீண், வடிவம்தான் எல்லாம்" என்று முடித்துவிடுவார்கள். அவசரம் வேண்டாம். அதே சூத்திரப்படி இழுவையைப் பாதியாகக் குறைத்தாலும் கிடைப்பது அதே 26 விழுக்காடுதான், இரண்டுக்கும் ஒரே மரியாதை. வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், எஞ்சின், இழுவை இரண்டில் எதை எவ்வளவு தூரம் மாற்றிக்கொண்டு போகமுடியும் என்பதில்.

மைக் அர்னால்ட் என்ற அமெரிக்கர் கட்டிய ஏஆர்-5 விமானத்தைப் பாருங்கள். 65 குதிரைத்திறன் தரும் ரோட்டாக்ஸ் 582, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். சக்கரம்கூட உள்ளே மடங்காது. அதை வைத்துக்கொண்டு 1992இல் தன் எடைப் பிரிவில் மணிக்கு 343 கிலோமீட்டர் என்று உலகச் சாதனை செய்தார். பறக்கும் பயிற்சிக்கு உலகமெங்கும் ஓடிய செஸ்னா 150க்கு 100 குதிரைத்திறன், உச்ச வேகம் சுமார் 200. அந்த செஸ்னாவை 343க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஏறக்குறைய 500 குதிரைத்திறன் வேண்டும், அத்தனை பெரிய எஞ்சினை அதன் மூக்கில் மாட்டினால் அது பறக்குமா என்பதே சந்தேகம்.

இழுவையை ஒரு தட்டைப் பலகையின் பரப்பாக மாற்றிச் சொல்வது வழக்கம். புரொபெல்லரில் வீணாவதைக் கழித்துப் பார்த்தால், செஸ்னா 150 ஏறக்குறைய அரை சதுர மீட்டர் பலகையைக் காற்றில் தள்ளிக்கொண்டு போகிறது. ஏஆர்-5 தள்ளுவது பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு சதுரம். ஆறு மடங்கு குறைவு! எஞ்சினை ஆறு மடங்காக்க எந்தக் கடையிலும் வழியில்லை.

எங்கே குறைக்கிறார்கள்? எங்கெல்லாம் காற்று கிழிபடுகிறதோ அங்கெல்லாம். மழமழப்பாகத் தெரியும் ஓர் உருண்டைக் கம்பி, அதைப் போலப் பத்து மடங்கு தடிமனான மீன்வடிவத் தண்டுக்குச் சமமான இழுவையைத் தரும். கம்பிக்குப் பின்னால் காற்று ஒட்டாமல் பிரிந்து சுழல்வதுதான் காரணம். அதனால்தான் சக்கரத்துக்கு மூடி, தண்டுக்கு உறை. இறக்கையும் உடலும் சேரும் மூலை இன்னும் மோசம், இரண்டின் மேலும் ஓடிவரும் மந்தமான காற்று அங்கே சேர்ந்து வேகமிழந்து பிரிந்துவிடும், அதை வளைவாக நிரப்பி மெழுகவேண்டும். அப்புறம் இறக்கையின் மேற்பரப்பு. காற்று அதன்மேல் கலங்காமல் படலம் படலமாக ஓடினால், இந்த வேகங்களில் உராய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் முன்விளிம்பில் ஒரு பூச்சி அடிபட்டு ஒட்டினாலே அதற்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு பட்டை முழுக்கக் கலங்கிவிடும். மழை விட்ட சாயங்காலம் ஈசல் பறக்கும் நம் ஊரில் இதைக் காப்பாற்றுவது பெரும்பாடு.

பலர் மறப்பது எஞ்சினைக் குளிர்விக்கும் காற்றை. மூக்கில் நுழையும் காற்று உள்ளே தாறுமாறாகச் சுற்றி அடியில் ஒழுகினால் அதுவே பெரிய இழுவை. சின்ன வாய், உள்ளே மெல்ல விரியும் குழாய், பின்னால் காற்றை வேகமாகத் துப்பும் வழி என்று செய்தால் இழந்ததில் ஒரு பகுதி திரும்பும். எஞ்சின் திறனை ஏற்றினால் வெப்பமும் ஏறும், வாயைப் பெரிதாக்க வேண்டிவரும், இழுவை கூடும். பாவம், கூடுதல் குதிரைகளில் சில தங்களுக்கே காற்று வாங்க உழைக்கும்.

ஃபார்முலா ஒன் விமானப் பந்தயம் இதற்கென்றே அமைந்த களம். எல்லோருக்கும் கான்டினென்டல் ஓ-200, அதே செஸ்னா 150 எஞ்சின். மடங்காத சக்கரம், குறைந்தது 66 சதுர அடி இறக்கை, குறைந்தது 227 கிலோ எடை என்று விதிகள். அதற்குள் நின்று ஜான் ஷார்ப் தன் நெமிசிஸ் விமானத்தில் 1991 முதல் 1999 வரை ஒன்பது முறை தொடர்ந்து அமெரிக்காவின் ரீனோ பந்தயப் பட்டத்தை வென்றார், வேகம் 400 கிலோமீட்டருக்கு மேல். நியாயமாகச் சொல்லவேண்டும், பந்தயத்தில் இந்த எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுற்றுவரை விரட்டுவார்கள், ஆகவே 100க்கு மேலேயே திறன் வரும். ஆனால் போட்டியில் இருந்த எல்லோரும் அப்படித்தான் விரட்டினார்கள்.

2014 மே மாதம் புத்ராஜெயாவில் நடந்த ரெட்புல் ஏர் ரேஸிலும் எல்லோருக்கும் ஒரே வகை எஞ்சின், ஒரே வகை புரொபெல்லர். ஜெயித்தவர் நைஜல் லாம்ப். ஆனால் அங்கே கதை கொஞ்சம் மாறும். கூர்மையாகத் திரும்பும்போது 10 ஜி வரை ஏறியது, அதாவது இறக்கை விமானத்தின் எடையைப் போலப் பத்து மடங்கு தூக்கியது. தூக்குவதற்காகக் கொடுக்கும் இழுவை இதன் வர்க்கமாக ஏறும், அதே வேகத்தில் நூறு மடங்கு! உடலை எவ்வளவு மெழுகினாலும் இது குறையாது. இறக்கை நுனியில் சிறகு வைப்பது இதற்காகத்தான். திருப்பத்தில் பறிபோன வேகத்தை மீட்க எஞ்சினும் தேவை.

நேராகப் பறக்கும் வேகம் மட்டும்தான் வேண்டுமென்றால் எஞ்சின் மாற்றும் காசை ஒதுக்கிவிட்டு, சக்கர மூடியிலும் இடுக்குகளை அடைப்பதிலும் தொடங்குவேன். ஓடுபாதை குட்டையாக இருந்து, உச்சி வெயிலில் காற்று லேசாகி, எதிரே மரங்கள் நின்றால் வேறு பேச்சு. மேலே ஏறுவது மிச்சமிருக்கும் திறனை எடையால் வகுத்த கணக்கு. அந்த மெதுவான வேகத்தில் சக்கர மூடி பெரிதாக எதையும் சேமித்துக் கொடுக்காது.