கோச்: பயிற்சியாளரா, பயிற்றுநரா?

ரயில் நிலையத்தில் "எஸ் 4 கோச் எங்கே நிற்கும்?" என்று கேட்கிறோம். மைதானத்தில் "கோச் வந்துட்டாரா?" என்று கேட்கிறோம். பெட்டிக்கும் மனிதருக்கும் எப்படி ஒரே பெயர்? ஒலி தற்செயலாக ஒத்துப்போன இரு வேறு சொற்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் இரண்டுக்கும் சொந்த ஊர் ஒன்றுதான்.

அந்த ஊரின் பெயர் கொச். ஹங்கேரியில், வியன்னாவிலிருந்து புடாவுக்குப் போகும் பழைய சாலையில் இருக்கும் சிற்றூர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டி ஐரோப்பா எங்கும் பேர் வாங்கியது. 'கொச்சி செகேர்' என்றால் கொச் ஊர் வண்டி. நாம் பத்தமடைப் பாய், திண்டுக்கல் பூட்டு என்பதுபோல. நாளடைவில் 'வண்டி' உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. ஜெர்மனில் குட்ஷே, பிரெஞ்சில் கோஷ், ஆங்கிலத்தில் கோச். 1830களில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வுக்கு அக்கரை சேர்க்கும் தனி ஆசிரியரைக் கேலியாக 'வண்டி' என்றார்கள். 1860களுக்குள் அந்தக் கேலிப்பெயர் விளையாட்டுக்கும் வந்துவிட்டது.

வண்டி என்ற பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கும் ஆட்டம் ஒன்றைக் காட்டச் சொன்னால் ஐஸ் ஹாக்கியைத்தான் காட்டுவேன். (இதைப் 'பனிப் பந்தாட்டம்' என்று எழுதுவது பிழை. இதில் பந்தே கிடையாது. தட்டையான ரப்பர் வட்டு.) வீரர் ஒருவர் ஏறக்குறைய முக்கால் நிமிடம் முழு வேகத்தில் சறுக்கிவிட்டு பெஞ்சுக்குத் திரும்புவார், அடுத்தவர் குதிப்பார். ஆட்டம் நிற்காது. யாரை யாருக்கு எதிரே இறக்குவது, கடைசி நிமிடத்தில் கோல்காப்பாளரையே வெளியே அழைத்து இன்னொரு தாக்குநரை அனுப்புவதா என்பதெல்லாம் பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் கோச்சின் முடிவு. ஆட்டம் நின்று தொடங்கும்போது, கடைசியாக ஆள் மாற்றும் உரிமை சொந்தக் களத்து அணியின் கோச்சுக்கு. கடிவாளம் அவர் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கடிவாளத்தைப் பிடித்தவர்களில் ஹெக்டர் பிளேக்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாரும் அவரை 'டோ' பிளேக் என்றே சொல்வார்கள். உடன்பிறந்த குழந்தை ஒன்று ஹெக்டரை 'ஹெக்டோ' என்று மழலையில் சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1912இல் பிறந்தார். மான்ட்ரியால் கனடியன்ஸ் அணியில் மாரிஸ் ரிஷார், எல்மர் லாக் இருவரோடு ஒரே வரிசையில் ஆடினார். 1939இல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை. 1944, 1946 இரண்டு ஆண்டும் லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்று தந்த கோல் அவருடையதே. 1948 ஜனவரியில் கால் எலும்பு முறிந்தது. பெரிய லீக் ஆட்டம் அதோடு முடிந்தது.

பிறகு சிறிய அணிகளுக்குப் போனார். கியூபெக்கின் வாலிஃபீல்டு அணியில் தானும் ஆடிக்கொண்டே மற்றவர்களையும் பயிற்றினார். 1955இல் கனடியன்ஸ் அவரைத் திரும்ப அழைத்தது. ரிஷார் போன்ற நெருப்பைக் கையாள, அவரோடு தோள் உரசி ஆடியவரும் பிரெஞ்சு பேசத் தெரிந்தவருமான ஒருவர் வேண்டியிருந்தது. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பை, பின்னர் 1965, 1966, 1968. மொத்தம் எட்டு.

1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் வட்டு முகத்தில் பட்டு, கோல்காப்பாளர் ஜாக் பிளான்ட்டுக்குத் தையல் போட்டார்கள். முகமூடி இல்லாமல் இனி இறங்க மாட்டேன் என்றார் அவர். முகமூடி பார்வையை மறைக்கும் என்பது பிளேக்கின் எண்ணம். மாற்றுக் கோல்காப்பாளர் இல்லாத காலம், சம்மதித்தார். அணி வென்றது. பயிற்றுபவரும் பயில வேண்டியிருந்த இரவு அது.

இனி நம் சொல். நாளிதழ்கள் எழுதுவது 'பயிற்சியாளர்'. நோயாளர் நோயைக் கொடுப்பவரா? நோய் உடையவர். அதே கணக்கில் பயிற்சியாளர் என்றால் பயிற்சி உடையவர், பெறுபவர் என்றும் ஆகும். ஐடிஐகளில் மாணவரைத்தான் 'பயிற்சியாளர்' என்று எழுதுகிறார்கள். கற்றுக்கொடுப்பவர் அங்கே 'பயிற்றுநர்'. ஐஸ் ஹாக்கியில் சிக்கல் இன்னும் கூடும். காயத்துக்குக் கட்டுப்போடும் 'டிரெய்னர்' அங்கே தனி ஆள். அவரையும் பயிற்சியாளர் என்றால் வாசகர் யாரை நினைப்பார்?

பயில் என்பது தன்வினை, பயிற்று பிறவினை. சுழல், சுழற்று, அகல், அகற்று என்பவை போல. பயில் என்ற வேரிலேயே விடாத பழக்கம் என்ற பொருள் உண்டு: 'பயில்தொறும் பண்புடையாளர் தொடர்பு' (குறள் 783). பிளேக் 1948 வரை பயின்றவர், 1955இல் அதே அணியைப் பயிற்ற வந்தவர். தன்வினை பிறவினையான வாழ்க்கை. அதனால்தான் 'பயிற்றுநர்' என்ற சொல்லை நான் விடாப்பிடியாக எழுதுகிறேன். ஓட்டுநர், இயக்குநர் போல இதற்கும் தந்நகரமே, 'பயிற்றுனர்' வேண்டாம்.

இலங்கைத் தமிழ் ஊடகங்கள் 'பயிற்றுவிப்பாளர்' என்கின்றன. நீளம் கூடுதல்தான், ஆனால் பொருளில் ஐயத்துக்கே இடமில்லை. நம் 'பயிற்சியாளர்' அதனிடம் தோற்றுவிடுகிறது. சென்னையின் பழைய குஸ்திக் களங்களில் 'வஸ்தாது', சிலம்பக் கூடங்களில் 'ஆசான்'. இரண்டும் அந்தந்தக் கலையோடு பிறந்த உறவுப்பெயர்கள், சம்பளத்துக்கு அமர்த்திய அணித்தலைமைக்குப் பொருந்தா.

கொச் ஊர் இருக்கும் ஹங்கேரியில் இன்று 'கொச்சி' என்றால் மோட்டார் கார். அங்கே ஐஸ் ஹாக்கி பயிற்றுநருக்குப் பெயர் 'எட்சோ'. இரும்பைக் காய்ச்சி உரமேற்றும் வினையிலிருந்து வந்த சொல்.